லோட்டிக்கு ஒரு லிலாங்கெனி

— கையெழுத்துப் போடமாட்டனுங்ணா. அந்தப் பேப்பர அக்கட்ட எடுங்க.

— மொதல்ல உக்காரு தாரணி. இன்னா மா, நின்னுக்கினே பேசற. சேர் கீதில்ல.

— உக்காந்தா வாங்கிப்போடுவீங்க. உங்களத் தெரியாதுங்களா சில்வெஸ்டரண்ணா? பொங்கலுக்கு லீவு கேக்க வந்தவள இதே சேர்ல உக்கார வெச்சு, டீ வாங்கிக் குடுத்து, பொங்கலன்னிக்கே ஷிப்ட்டுக்கு வர வெச்சீங்க.

— அது ரங்கநாதன் சார் சொன்னது. அவரு மேனேஜரு. நான் இன்னா, வெறும் டீம் லீடரு. அவரு சொல்றத நான் சொல்றேன், நான் சொல்றத நீங்க கம்ப்யூட்டர்ல அடிக்கிறீங்க. அவ்ளோதான் மா இந்தக் கம்பெனி.

— சரி, அதுல என்ன எழுதியிருக்குதுன்னு வாயில சொல்லுங்க.

— நல்ல நியூசு மா. எண்ணூறு ரூபா ஏத்தறாங்க. லண்டன்ல நோரா மேடம் கீறாங்களே, நாம பழைய பேப்பரப் பாத்து கரன்சி ரேட்டெல்லாம் அடிச்சு அனுப்பறோமே, அவங்க மெயில் போட்டுக்கிறாங்க. முப்பத்தாறு கரன்சி ஜோடில உன்னுதுதான் பெஸ்ட்டாம். லோட்டியும் லிலாங்கெனியும். ரெண்டர மணிக்குப் போன்ல வராங்க. அடிச்ச பொண்ணாண்டயே பேசணுமாம்.

— எண்ணூறு ரூபா ஏத்தறதுக்கு எதுக்குங்ணா ஸ்டாம்ப் பேப்பரு?

— அது... பாண்டு ரெண்டு வருசம் நீட்டறாங்க.

— ஏற்கெனவே ரெண்டு வருசம் போட்டாச்சுங்களே. அதுலயே இன்னும் ஏழு மாசம் கெடக்குது.

— அது முடிஞ்சப்பால ரெண்டு.

— அண்ணா, அந்த ஜன்னலச் சித்தத் தொறங்க.

— தொறக்காது மா. ஏசி ரூமு. ஆணி அடிச்சுக்கிறாங்க.

— ஏசி ஓடலைங்களே.

— கரண்டு இல்லியே. ஜெனரேட்டரு கம்ப்யூட்டருக்கு மட்டும்தான். கீழ கார்மென்ட்ஸ்காரன் மட்டும் மெஷின் ஓட்றான் பாரு, மேல நம்ம டேபிளு ஆடுது. பொம்மனஹள்ளி பூரா கரண்டு போனாலும் அவனுக்கு மட்டும் எங்கேந்து வருதோ.

— வியாழக்கெழம எனக்கு பி.எட். கவுன்சிலிங்குங்ணா. மெட்ராஸ்ல. இன்னிக்குச் செவ்வாய். ஒரிஜினல் இல்லாம உள்ளயே உடமாட்டாங்க. டென்த்து, ப்ளஸ் டூ, டிகிரி, டிசி, கம்யூனிட்டி, அஞ்சும் ரங்கநாதன் சார் பீரோவுக்குள்ள பதினேழு மாசமாக் கெடக்குது. பத்து நாளா கேக்கறன். ரெண்டே நாள் குடுங்க, திருப்பிக் கொண்டாந்து வெச்சர்றன்னுகூடக் கேட்டுப்போட்டன்.

— அதுக்கு இன்னா சொன்னாரு?

— டீச்சராகி என்னம்மா பண்ணப்போற, அங்க ஏசி இருக்குமா அப்படின்னாரு.

— அவரு அப்படித்தான் பேசுவாரு. மனசுல ஒண்ணும் வெச்சுக்கமாட்டாரு.

— பீரோவுல வெச்சுக்கறாருங்களே, அது பத்தாதா? என்ற சீட்டு போச்சுன்னா போச்சுங்ணா. மேத்ஸுக்கு எங்க ஆளுகளுக்கு இருக்கறதே கொஞ்சம் சீட்டு. காங்கேயத்துல எங்கப்பா கறிக்கடைக்காரர் வரைக்கும் சொல்லி வெச்சுட்டாரு. நேத்து போன்ல கேக்கறாரு, எத்தன மணி பஸ்ஸு சாமின்னு. நான் என்னன்னு சொல்றது?

— அடுத்த வருசம் போயேன் மா.

— அடுத்த வருசம் நீங்க இதே பேப்பரோட வருவீங்க.

— பாண்டு வேணாம்னா அம்பதாயிரம் கட்டிட்டுப் போலாம். யாரும் புடிச்சுக் கட்டி வெக்கல.

— அம்பதாயிரம் இருந்தா நான் எதுக்குங்ணா லெசோத்தோக்காரன் துட்டு ரேட்ட அடிச்சுட்டு உக்காந்திருக்கறன்?

— அதான் சொல்றேன். வேற வழி இல்ல. போடு.

— வழி இருக்குதுங்க. ஹரிஷ்குமாரு போன வழி.

— எந்த ஹரிஷ்குமாரு?

— தெரியாத மாதிரிக் கேக்காதீங்க. செவப்பு விழுந்த ஹரிஷ். அந்தப் பக்கத்துச் சீட்டு. வரி வரியா அடிக்கறதுக்குச் சோம்பேறித்தனப்பட்டுட்டு, மேல இருக்கறத இழுத்துக் கீழ விட்டான். பத்து வரி ஒரே நம்பர் வந்துதுன்னா மெஷினு செவப்பு காட்டும், காப்பி பண்ணிட்டான்னு. மூணு செவப்பு. நோரா மேடம், இவன் வேண்டாம்னு ஒரு வார்த்தைதான் சொன்னாங்க. அரை மணி நேரம். ரங்கநாதன் சாரே பீரோவத் தொறந்து சர்டிபிகேட்ட மேசை மேல வீசுனாரு. ஒரு ரூபா கேக்கல.

— அவமானம் மா அது. பையன் அழுதுக்கினே படில எறங்கிப் போனான்.

— சர்டிபிகேட்டக் கையில வெச்சுட்டுத்தானுங்களே எறங்குனான். பாண்டு ரெண்டாம் பக்கம் எட்டாவது வரியப் படிச்சுப் பாருங்க. நாமளாப் போனா நாம கட்டோணும். அவங்க வெரட்டுனா அவங்க அன்னிக்கே குடுத்துரோணும். நீங்க படிச்சதில்லீங்களா?

— யாரு மா பாண்டப் படிப்பாங்க.

— நான் இந்தப் பத்து நாள்ல நாப்பது தடவ படிச்சுட்டன். அதனால ரெண்டர மணிக்கு நோரா மேடம் வரட்டும். நான் பேசறன். உண்மையச் சொல்றன். வெரட்டட்டும்.

— இன்னா உண்மை?

— அந்த லோட்டி லிலாங்கெனி நம்பரு பூரா நானாப் போட்டதுங்க.

— எனக்குக் கேக்கல. ஜெனரேட்டர் சத்தம்.

— சத்தமாச் சொல்லட்டுங்களா?

— மெல்ல மா, மெல்ல. கண்ணாடி ரூமு. எல்லாம் பாத்துக்கினு கீறாங்க. நீ சொல்லு. ஆனா நான் கேட்டேன்னு யாராண்டயும் சொல்லாத.

— லெசோத்தோவும் சுவாசிலாந்தும் சவுத் ஆப்பிரிக்காவ ஒட்டிக் கெடக்கற சின்னச் சின்ன ஊருங்க. ஒருத்தன் காசுக்குப் பேரு லோட்டி, இன்னொருத்தன் காசுக்கு லிலாங்கெனி. ரெண்டு பேருமே அவங்க காச சவுத் ஆப்பிரிக்கா ராண்டோட கட்டிப்போட்டுட்டாங்க. ஒரு லோட்டின்னா ஒரு ராண்டு. ஒரு லிலாங்கெனின்னாலும் ஒரு ராண்டு. அப்ப ஒரு லோட்டிக்கு எத்தன லிலாங்கெனி?

— ஒண்ணு.

— தொண்ணூத்தொண்ணு ஜனவரில?

— ஒண்ணு.

— தொண்ணூத்தாறுல ராண்டு விழுந்துதுங்களே. அப்ப?

— ரெண்டும் சேந்தே வுழும். ஒண்ணு.

— ரெண்டாயிரம் டிசம்பர் கடைசி நாளு?

— ஒண்ணுதான் மா. புரியுது. நீ டீச்சராத்தான் ஆவப்போற, வுடு.

— ஒரே வண்டில பூட்டுன ரெண்டு மாடுங்ணா அது. எது முந்தும்? பத்து வருசம், ரெண்டாயிரத்தி அறுநூறு வரி, எல்லாத்துலயும் ஒண்ணு. நான் மொத நாளே உங்கள்ட்ட வந்து சொன்னன். இது மாறாதுங்ணா, ஒரே வரில எழுதிக் குடுத்தர்லாம்னு. நீங்க என்ன சொன்னீங்க?

— இன்னா சொன்னேன்?

— வரிக்கணக்குலதான் மா கம்பெனிக்குத் துட்டு, ஒரு வரில முடிச்சா கம்பெனியும் முடிஞ்சுடும், பேசாம அடின்னீங்க.

— கரெக்டாத்தான் சொல்லிக்கிறேன்.

— அடிச்சன். ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணுன்னு. பத்தாவது வரில செவப்பு. நான் காப்பி பண்ணவே இல்லீங்க, ஒவ்வொண்ணும் கையால அடிச்சது. மறுக்கா அடிச்சன். மறுக்காச் செவப்பு. என்ற பேர்ல ரெண்டு செவப்பு ஆயிப்போச்சு. இன்னொண்ணு வந்தா வீட்டுக்கு. அப்ப எனக்கு வேலை வேணுமுங்களே, பி.எட். நெனப்பே இல்ல. அதுக்கோசரம் ஒரு எடத்துல ஒண்ணுக்குப் பக்கத்துல புள்ளி வெச்சு, மூணு சைபரு, ஒரு ரெண்டு போட்டன். பச்சை வந்துச்சு.

— அப்பால அப்படியே போய்க்கினு இருந்துட்ட.

— சும்மா போடக்கூடாதுங்களே, நம்பரு தேடணும். 356 பஸ்ல வர்றன்ல, அந்த டிக்கெட்டுல நம்பர் வரிசையா இருக்கும். ஒத்தப்படைன்னா ஏத்தறது. ரெட்டப்படைன்னா எறக்கறது. என்ற டிக்கெட்டு பத்தல. பி.ஜி. ஹாஸ்டல்ல ஜெனிஃபர், வைஷ்ணவி எல்லார்த்துகிட்டயும் கிழிச்சுப்போடாதீங்கடின்னு வாங்கி வெச்சுக்குவன். அவளுக நான் ஏதோ வேண்டுதல் வெச்சிருக்கறன்னு நெனச்சுட்டாளுக.

— இன்னா மா இது. பி.எம்.டி.சி. டிக்கெட்ட வெச்சு ஒரு தேசத்துக் காச ஏத்தி எறக்கிக்கிற.

— ரெண்டு தேசமுங்க.

— சிரிப்பு வருது. சிரிக்கக் கூடாது. அந்த மெயில்ல ஒரு கேள்வி கேட்டுக்கிறாங்க மா. தொண்ணூத்தி நாலு மார்ச்சுல லோட்டி மூணு வாரம் வுடாம ஏறுதாம். எதனாலன்னு அடிச்ச பொண்ணுக்குத் தெரியுமான்னு.

— அத அடிக்கறப்ப ஜெனிஃபர் ஊருக்குப் போயிட்டா. டிக்கெட்டு கொறஞ்சுபோச்சு. மனசுல வந்ததப் போட்டன். பி.எட். அப்ளிகேசன் அனுப்புன வாரம், சந்தோசமா இருந்தனாட்டமிருக்குது. எல்லாம் ஏத்தமாவே வந்துருச்சு. டீக்கார அக்கா வர்றாங்க பாருங்க.

— சில்வா, டீ பேக்கா பேடவா, வேணுமா வேணாமா? கரண்டு இல்ல, பாலு கெட்டுடும். இப்பவே குடிச்சிருங்க.

— ரெண்டு குடு காந்தாக்கா. சார் வந்துட்டாரா?

— எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போயிருக்காரு. அஞ்சு மணிக்குத்தான். இந்தப் பொண்ணு ஏன் நின்னுட்டே இருக்கு? கூத்கோ மா, உக்காரு. ஓடியா போப்போற? வெளிக்கதவு கார்டு தேச்சாத்தான் தொறக்கும்.

— தெரியுமுங்கக்கா. தெனமும் தேய்க்கறதுதானுங்களே.

— போய்ட்டாங்க. கதவச் சாத்து. இப்ப கேளு தாரணி. நீ நோராவாண்ட சொன்னா இன்னா ஆவும்னு யோசிச்சியா? உன் பேரு பிளாக்லிஸ்ட்ல போய்டும். பெங்களூர்ல எந்தக் கம்பெனியும் எடுக்கமாட்டான்.

— நான் எந்தக் கம்பெனிக்கும் போகலீங்களே. பள்ளிக்கோடத்துக்குப் போறன்.

— எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டு தரமாட்டாங்க.

— எதுக்குங்க, பஸ் டிக்கெட்டு சேத்த எக்ஸ்பீரியன்ஸா?

— அந்தப் பார்ட்டி போய்டுச்சுன்னா இங்க நாப்பது பேரு ரோட்டுல நிப்பாங்க மா. அத நெனச்சியா?

— நெனச்சனுங்க. முப்பத்தஞ்சு ஜோடி நெசமா ஆடறதுதான. அதெல்லாம் நல்லாத்தான் அடிச்சிருக்கறாங்க. ஒரு ஜோடிக்கோசரம் யாரும் போகமாட்டாங்க. ஹரிஷு போனப்பயும் போகலியே.

— எல்லாத்துக்கும் பதில் வெச்சுக்கினுதான் வந்துக்கிற.

— ஒண்ணுக்கு மட்டும் பதில் இல்லீங்ணா. பத்து நாளா அதுதான் வெசனம். அதனாலதான் இன்னிவரைக்கும் வாயத் தொறக்கல.

— இன்னாது?

— ஒரு ஷீட்ட ரெண்டு பேரு தனித்தனியா அடிக்கோணும். ரெண்டும் ஒத்துப்போனாத்தான் பாஸு. ஒரு நம்பரு மாறுனாலும் திரும்பி வந்துரும். நான் பஸ் டிக்கெட்டப் பாத்துப் போட்ட நம்பரு, இன்னொருத்தரு அடிச்சதோட எப்படிங்க ஒத்துப்போச்சு? ரெண்டாயிரத்தி அறுநூறுல ஒண்ணுகூடத் திரும்பி வரல.

— டீ ஆறுது. குடி.

— ரெண்டாவது ஆளுன்னு பாலசுப்ரமணியன் பேரு போட்டிருக்குது. நைட் ஷிப்ட்டுன்னீங்க. நான் அவரப் பாத்ததே இல்ல. பாவம், என்ற நம்பரப் பாத்து அப்படியே அடிச்சுப்போட்டாராட்டமிருக்குது. நான் சொன்னா அவருக்கும் வேலை போகும். அவருக்குப் பொண்டாட்டி புள்ளைக இருக்குதோ என்னமோ. ஒரு வார்த்தை அவருகிட்டக் கேட்டுப்போட்டுச் சொல்லலாம்னு. போன் நம்பரக் குடுங்ணா.

— பாலசுப்ரமணியன் வேலைய வுட்டு ஒரு வருசம் ஆவுது மா.

— அப்பறம் அவரு பேர்ல யாரு அடிக்கறது?

— அந்தக் கதவு சரியாச் சாத்திக்கிதா பாரு.

— அண்ணா.

— நான்தான்.

— நீங்களா?

— அவன் போனப்பால ஆளு எடுக்கல. ரங்கநாதன் சாரு, நீயே அட்ஜஸ்ட் பண்ணிக்கோ, அவன் சம்பளத்துல பாதி உனக்குன்னாரு. நான் தலையாட்டிட்டேன். காலைல நாலு மணிக்கு எழுந்து மாரிக்குப்பத்துல வண்டி ஏறுறேன் மா. ரெண்டர மணி நேரம் நின்னுக்கினு வர்றேன். அங்கேந்து பஸ்ஸு. பகல் பூரா உங்க வேலையச் செக் பண்றது. இதுல இன்னொருத்தன் வேலையும் எப்படிச் செய்யறது? கம்ப்யூட்டர்ல உன் பைலத் தொறந்தேன், அப்படியே அவன் பக்கம் தள்ளிட்டேன்.

— நம்பரப் பாக்கவே இல்லீங்களா?

— எதுக்குப் பாக்கறது. தாரணி நல்ல பொண்ணு, சரியாத்தான் அடிச்சிருப்பான்னு வுட்டுட்டேன். மத்தவங்க பைலுன்னா ஒரு தடவ கண்ணால ஓட்டுவேன். உன்னுத ஓட்டல. இன்னிக்குக் காலைல அந்த மெயிலு வந்தப்பதான் தொறந்து பாத்தேன். வண்டில வர்ற அலுப்பெல்லாம் ஒரே நிமிசத்துல போச்சு.

— பாலசுப்ரமணியன் நீங்கன்னு தெரிஞ்சிருந்தா மொத நாளே வந்திருப்பனுங்ணா. பத்து நாளா சாமி படத்துக்கு முன்னால நின்னு, அந்த முகம் தெரியாத மனுசன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டிருந்தன்.

— இப்ப தெரிஞ்சுச்சுல்ல. எந்த கம்ப்யூட்டர்ல அடிச்சதுன்னு லாகுல பதிஞ்சிருக்கும். நீ வாயத் தொறந்தா உன்னோட என்னையும் இஸ்துக்கினு போவும். அதனால சொல்றேன். தென்னாப்பிரிக்கா பேப்பர்ல அப்படித்தான் போட்டிருந்துதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. கையெழுத்துகூட இன்னிக்குப் போட வேணாம். நான் சாராண்ட எதுனா சொல்லி இழுத்துக்கினு போறேன்.

— என்ற சர்டிபிகேட்டு?

— அது என் கையில இல்லியே. சாவி அவரு இடுப்புல.

— அப்ப நீங்க எனக்கு என்ன குடுக்கறீங்க? ஒண்ணும் இல்லையே. ஏனுங்ணா, உங்க சர்டிபிகேட்டு எங்க இருக்குது?

— அதே பீரோதான். உங்க எல்லாரு பேப்பருக்கும் அடியில. அஞ்சு வருசம் ஆவுது. ரெண்டு தடவ நீட்டிட்டாங்க. மொத தடவ ஐநூறு, ரெண்டாவது தடவ டீம் லீடருன்னு பேரு.

— அதையும் இதே சேர்ல உக்காந்துதான் போட்டீங்களா?

— டீ கூட குடுத்தாரு.

— அப்ப ஒட்டுக்காப் போயர்லாங்ணா. வெரட்டுனா உங்களுதையும் குடுத்துரோணும். எட்டாவது வரி உங்களுக்கும் சேத்துத்தான்.

— எங்க மா போறது? நீ ட்ரெயினிங் போவ. எனக்கு இன்னா கீது? எங்க ஊரு தங்கச் சுரங்கத்த மூடி ரெண்டு வருசம் தாண்டியாச்சு. நைனாவுக்கு நெஞ்சுல தூசி. படி ஏற முடியல, ரெண்டு வார்த்தை பேசினா நின்னு மூச்சு வாங்கறாரு. மாத்திரை என் சம்பளம். எங்கம்மா லூர்துமேரி தெனம் ஜெபம் பண்ணும்போது ரங்கநாதன் சாரு பேரையும் சேத்துக்குது. நம்புனா நம்பு.

— பெங்களூர்ல ஆயிரம் கம்பெனி இருக்குதுங்க. நீங்க கேஜிஎஃப்காரரு, உங்க இங்கிலீசுக்குக் கால் சென்டர்காரன் கார் அனுப்பி வெச்சுக் கூட்டிட்டுப் போவான்.

— எஸ்.எஸ்.எல்.சி. புக்கு இல்லாம எவனும் வாசல் கேட்டாண்டகூட வுடமாட்டான். நாலு தடவ போய்ப் பாத்துட்டேன். ஒரிஜினல் எங்கன்னு கேப்பான். வூட்டுல கீதுன்னு சொல்லுவேன். கொண்டாந்தப்பால வாங்கன்னுவான்.

— அதத்தானுங்ணா நானும் சொல்றன்.

— நீ சொல்றது புரியுது. பயமாக் கீது. இருவத்தொம்பது வயசு. இனிமே போய் யாராண்ட நிக்கறது.

— எனக்கு மட்டும் பயமில்லைங்களா?

— போன் அடிக்குது.

— எடுங்க. எனக்குக் கேட்டாப் புரியும். பேசத்தான் நாக்கு சுருட்டிக்கும். நான் தமிழ்ல சொல்றன், நீங்க அப்படியே இங்கிலீசுல சொல்லுங்க.

— ஹலோ. எஸ் நோரா. குட் ஆப்டர்நூன். எஸ், எஸ், ஷி இஸ் ஹியர் ஒன்லி. தாரணி, கங்கிராஜுலேஷன்ஸ் சொல்றாங்க.

— தேங்க்ஸ் சொல்லுங்க. அந்த நம்பரு அவங்க நெனைக்கற மாதிரி இல்லைன்னும் சொல்லுங்க.

— நோரா, ஒன் ஸ்மால் திங். சம் மிஸ்டேக் இஸ் தேர்.

— மிஸ்டேக்னு நான் சொல்லலீங்ணா.

— இரு மா.

— மிஸ்டேக்னா திருத்தி அடின்னுவாங்க. இன்னும் ஆறு மாசம் உக்கார வெப்பாங்க. வேணும்னே போட்டன்னு சொல்லுங்க. இல்லீன்னா போனக் குடுங்க, நாக்கு சுருட்டுனாலும் நானே சொல்லிக்கறன்.

— நோரா. நாட் மிஸ்டேக். ஷி இஸ் டெல்லிங், ஆல் நம்பர்ஸ் ஷி ஒன்லி மேட். ஃப்ரம் பஸ் டிக்கெட். எஸ். பஸ் டிக்கெட். ரியல் ரேட் இஸ் ஒன். எவ்ரி டே ஒன்.

— அதுதானுங். சரியாச் சொன்னீங்க.

— அண்ட் நோரா, செகண்ட் ஆப்பரேட்டர் இஸ் நாட் பாலசுப்ரமணியன். செகண்ட் இஸ் மீ. ஐ டிட் காப்பி.

— அண்ணா. உங்களயும் சொல்லிப்போட்டீங்க.

— வாயில வந்துடுச்சு மா. வுடு.

— நான் உங்களச் சொல்லச் சொல்லலீங்களே.

— அஞ்சு வருசமா இந்தப் போன்ல எஸ் எஸ்ஸுன்னுதான் சொல்லிக்கினு கீறேன். இன்னிக்கு ஒண்ணு மாத்திச் சொல்லலாம்னு தோணுச்சு.

— என்னங் சொல்றாங்க?

— ஒண்ணும் சொல்லல. ஹோல்டுல போட்டுட்டாங்க. பாட்டு ஓடுது.

— யாருகிட்டயோ கேக்கப் போயிருப்பாங்க. ஹரிஷுக்கும் இப்படித்தான் பாட்டு ஓடுச்சாமா.

— பாட்டு நிக்கவே மாட்டேங்குது மா.

— போன மேசை மேல வெய்யுங்க. ஒண்ணும் ஆகாது. அஞ்சு மணிக்கு சார் வருவாரு. கத்துவாரு. பீரோவத் தொறப்பாரு. வீசுவாரு. நாம பொறுக்கிக்கறதுதான்.

— என்னுது அடியில கீதே. உங்க எல்லாருதையும் வெளிய எடுத்தாத்தான் வரும்.

— நான் எடுத்துத் தர்றனுங்க. ராத்திரி பஸ்ஸுக்கு நான் போயர்றன். நீங்க?

— ஆறு மணி வண்டி ஒண்ணு கீது. அதுல ஒரு நாளும் நான் போனதில்ல. பத்து மணிக்கு முன்னாடி வூட்டுக்குப் போனா நைனா பயந்துடுவாரு. இன்னாடா ஆச்சுன்னு கேப்பாரு.

— என்ன சொல்லுவீங்க?

— உண்மையச் சொன்னேன், வெரட்டிட்டாங்கன்னு சொல்லுவேன். கொஞ்ச நேரம் திட்டுவாரு. அப்பால சோறு போடச் சொல்லுவாரு.

— எங்கப்பாவுக்கு இப்பவே போன் போட்டு பஸ் டைம் சொல்லட்டுங்களா?

— இரு. பாட்டு நின்னுடுச்சு. எஸ் நோரா. எஸ். ஓ. எஸ்... ஓகே... ஓ.

— என்னங்ணா?

— சிரிக்கிறாங்க.

— எதுக்குங்?

— மொத வாரமே தெரியுமாம் மா. எல்லா நாளும் ஒண்ணுதான்னு அவங்களுக்கு நல்லாத் தெரியுமாம். கிராஃப்ல நேராக் கெடக்கற கோட்டை எவன் காசு குடுத்துப் பாப்பான்னு கேக்கறாங்க. ஆடற கோடுதான் விக்குதாம். நீ போட்டது அழகா ஆடுதாம்.

— வெரட்டலீங்களா?

— எண்பத்தொண்ணுலேந்து தொண்ணூறு வரைக்கும் இதே மாதிரி வேணுமாம். அடிச்ச ரெண்டு பேரையும் மாத்தாதீங்கன்னு ரங்கநாதன் சாருக்கு இப்பவே மெயில் போட்டுட்டாங்களாம்.

— போன வெய்ங்ணா. நான் சீட்டுக்குப் போறன். ஒண்ணு ஒண்ணுன்னே அடிக்கறன். பத்தே வரி. எனக்கு ஏற்கெனவே ரெண்டு செவப்பு இருக்குது. மூணாவது விழுந்தா வெரட்டித்தான ஆகோணும்.

— உக்காரு தாரணி. நம்ம ரெண்டு பேருக்கும் இன்னிலேந்து செவப்பே வராதாம், இன்னா அடிச்சாலும் பாஸாம்.